மோசமான ஓட்டுநரை ஒரு விநாடி முன்னதாகவே கண்டுகொள்வது எப்படி?

வீட்டிலிருந்து புறப்பட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தினமும் போகிற தெரு. ஓரமாக வரிசையாக நிறுத்தியிருந்த கார்களைக் கடந்துகொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றின் முன்சக்கர மூடியில் காய்ந்த இலை ஒன்று ஒட்டியிருந்தது. அந்த இலை கடிகார முள்ளைப் போல ஒரு விரற்கடை நகர்ந்தது. கார் நகர்ந்ததாகவே தெரியவில்லை, இண்டிகேட்டரும் எரியவில்லை. நான் பிரேக்கில் கால் வைத்தேன். அடுத்த விநாடி அந்தக் கார் என் முன்னால் குறுக்காக வெளியே வந்து, நிதானமாகப் போய்விட்டது. ஓட்டியவர் கடைசிவரை என் பக்கம் திரும்பவே இல்லை. நூலிழையில் ஒரு மோதல் தப்பியது என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மோசமாக ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர், செய்யப்போகும் தவறை ஒன்றிரண்டு விநாடி முன்பே எப்படியோ காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். சக்கரம் காட்டும், தலை அசைவு காட்டும், வேகத்தில் வரும் தடுமாற்றம் காட்டும். அதைப் பார்த்து, ஒதுங்க இடம் வைத்துக்கொண்டால் போதும். அவரைத் திருத்துவது நம் வேலையில் சேராது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

நெடுஞ்சாலையைவிட உள்ளூர்ச் சாலையில் இந்த வேலை கடினம். நெடுஞ்சாலையில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். உள்ளூர்ச் சாலையில் ஒருவர் பின்னால் எடுக்கிறார், ஒருவர் கதவைத் திறக்கிறார், ஒருவர் வீட்டு எண்ணைத் தேடுகிறார், ஒரு பிள்ளை பந்தின் பின்னால் ஓடிவருகிறது. போதாததற்கு, பழகிய சாலை என்பதால் மனம் பாதி வேலையிலிருந்து விடுப்பு எடுத்துவிடுகிறது. எதிரே வருகிறவரும் அநேகமாக அதே பகுதிக்காரர்தான். அவர் மனமும் விடுப்பில்தான் இருக்கும்.

படி 1: தூரத்தை விநாடியால் அளந்து பழகுங்கள்

மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6 ஆல் வகுத்தால், விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 14 மீட்டர். ஆபத்தைக் கண்டு, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள் வண்டி 14 முதல் 21 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடித்த பிறகும், உலர்ந்த சாலையில் நல்ல டயர்களோடு, இன்னும் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆக, நிற்கும் தூரத்தில் பாதியையோ அதற்கு மேலோ கண்ணும் மூளையும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு விநாடி முன்னதாகப் பார்த்துவிட்டால் 14 மீட்டர் மிச்சம், கிட்டத்தட்ட மூன்று கார்களின் நீளம். எவ்வளவு விலை கொடுத்துப் புது பிரேக் போட்டாலும் இந்த மிச்சம் கிடைக்காது.

வேகம் 50 இலிருந்து 60 ஆனால், வண்டி சுமக்கும் ஆற்றல் 44 சதவீதம் கூடிவிடுகிறது; வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது ஏறும். தடையே இல்லாத 10 கிலோமீட்டரை 50 இல் கடக்க 12 நிமிடம், 60 இல் கடக்க 10 நிமிடம். லாபமாக வந்த அந்த இரண்டு நிமிடத்தை அடுத்த சிவப்பு விளக்கு வாங்கிக்கொள்ளும்.

முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் குறைந்தது 2 விநாடி இடைவெளி இருக்கட்டும். அளப்பது சுலபம். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதே கம்பத்தை அடைய 2 விநாடி ஆக வேண்டும். ஈரச் சாலையில் 4. முன்னால் போகிறவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் உலர்ந்த சாலையிலும் 4.

பார்வை முன்வண்டியின் பம்பரிலேயே ஒட்டிக்கிடக்கக் கூடாது. இன்னும் 12 விநாடியில் நீங்கள் போய்ச் சேரப்போகும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, இடையிடையே பின்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் வந்துபோக வேண்டும். முன்னால் போகிறவரின் பின்கண்ணாடி வழியாக அதற்கும் முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கு தெரிந்தால், அவரைவிட முன்பே உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 2: வண்டியைப் பாருங்கள், ஆளை விட்டுவிடுங்கள்

சிக்னலில் நிற்கும்போது சுற்றி நிற்கும் வண்டிகளை ஒரு சுற்றுப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் வெவ்வேறு நிறப் பெயிண்ட் ஈஷியிருக்கிறதா? பக்கக் கண்ணாடி மடங்கியே கிடக்கிறதா? பனி பூத்த முன்கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்குத் துடைத்துவிட்டு அந்த ஓட்டை வழியாகப் பார்க்கிறாரா? பின்னிருக்கையில் கூரைவரை மூட்டையா? இவையெல்லாம் ஓட்டுகிறவரின் பார்வை எந்தப் பக்கம் அடைபட்டிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். எரியாத பிரேக் விளக்கைக் கண்டால் கூடுதலாக ஒரு விநாடி விடுங்கள். அவர் நிற்கப்போவது உங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

ஆளின் வயது, பாலினம், வண்டியின் விலை ஆகியவற்றை வைத்து முடிவு கட்டுவது வீண். அப்படிக் கணக்குப்போட்டு நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். ‘இவர் பக்குவமாகத்தான் ஓட்டுவார்’ என்று நம்பிய வண்டிதான் இரண்டு முறை என்னைச் சாலையோரக் கல்வரை தள்ளியது.

படி 3: ஓட்டத்தைப் படியுங்கள்

இதுதான் வழிகாட்டியின் உயிர்ப்பகுதி. தவறுகள் பலவிதமாகத் தெரிந்தாலும் அவற்றின் பின்னால் இருக்கும் ஆட்கள் சில வகைதான். ஒவ்வொரு வகைக்கும் ஒரு நடை உண்டு.

போனில் இருப்பவர். வேகம் காரணமில்லாமல் குறையும், பிறகு ஏதோ நினைவு வந்ததுபோலக் கூடும். வண்டி மெல்ல மெல்லக் கோட்டை நோக்கிச் சாய்ந்து, சட்டென்று உதறிக்கொண்டு நடுவுக்குத் திரும்பும். பச்சை விழுந்தும் நகராது. இரவில் முகவாயில் மட்டும் நீல வெளிச்சம் படிந்திருக்கும். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், குறுஞ்செய்தி அனுப்பும் லாரி ஓட்டுநர்கள் 6 விநாடியில் 4.6 விநாடி சாலையைப் பார்க்கவே இல்லை என்று தெரியவந்தது. 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 64 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

இவர் உங்களுக்கு முன்னால் இருந்தால் தொல்லை குறைவு. இடைவெளியைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போங்கள். பின்னால் இருந்தால்தான் கவனம் தேவை. நிற்கப்போகிறீர்கள் என்றால் வழக்கத்தைவிட முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை எரியவிடுங்கள். கடைசி நேரத்தில் அழுத்தினால் அவர் தலை நிமிர்வதற்குள் உங்கள் டிக்கியில் இருப்பார்.

தூக்கத்தில் இருப்பவர். போன்காரரைப் போலத்தான் சாய்வார். ஆனால் திரும்பி வருவதற்கு வெகுநேரம் எடுப்பார். சாலையின் விளிம்பைச் சக்கரம் தொட்ட பிறகுதான் உதறல். எதிரே நிற்கும் வண்டியை நெருங்கியும் பிரேக் விளக்கு எரியாது. 1997 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. பல நாடுகளில் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போடும் எல்லை அதுதான். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இவர்களை எதிர்பார்க்கலாம். மதிய நேரத்து மந்தத்திலும் எதிர்பார்க்கலாம். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

குடித்தவர். இவரிடம் மூன்று அடையாளங்களைத் தேடுங்கள். திருப்பங்களை அளவுக்கு மீறி அகலமாக எடுப்பார். நிற்க வேண்டிய கோட்டுக்கு மிக முன்பே நிற்பார், இல்லையென்றால் தாண்டிப்போய் நிற்பார். இருட்டியும் ஹெட்லைட் போட்டிருக்க மாட்டார். வேகமாகத்தான் போவார் என்றில்லை. 50 போகிற சாலையில் 25 இல் ஊர்ந்துகொண்டு, கோட்டைப் பிடித்தபடி போகிறவரும் இவராக இருக்கலாம். இவரை முந்த வேண்டாம். முந்தும் அந்தச் சில விநாடிகளில்தான் நீங்கள் அவருக்குப் பக்கவாட்டில் அகப்படுகிறீர்கள். பின்தங்கி, முடிந்தால் வேறு தெருவில் திரும்பி, நிறுத்திவிட்டுக் காவல்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். உங்களோடு ஒருவர் இருந்தால் வண்டி எண்ணை அவர் குறித்துக்கொள்ளட்டும். நீங்கள் எழுத ஆரம்பித்தால் சாலையில் ஒன்றுக்கு இரண்டு மோசமான ஓட்டுநர்கள்.

அவசரக்காரர். இவரை எல்லோருக்கும் தெரியும். இந்த வரிசை, அந்த வரிசை என்று தையல் ஊசிபோல நுழைந்து வருவார். பின்கண்ணாடியில் ஒரு வண்டி இரண்டு முறை பக்கம் மாறுவது தெரிந்தால், மூன்றாவது முறை உங்கள் முன்னால்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அவர் நுழையப்போகும் இடத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுங்கள். எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்த சிக்னலில் அவருக்குப் பின்னால் போய் நிற்கும்போது எரிச்சல் தானாகவே தணிந்துவிடும்.

வழி தேடுபவர். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் விளக்கு மினுக்கும்; தலை இரு பக்கமும் போய்வரும்; இண்டிகேட்டர் போடுவார், அணைப்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் தேடிய இடம் கிடைத்ததும், பின்னால் ஓர் உலகம் இருப்பதை மறந்து அப்படியே நின்றுவிடுவார்.

புதிதாகக் கற்றவர். தயங்குவார், பாதி வெளியே வந்து நிற்பார், வண்டி அணைந்துபோகும். இவரால் வரும் ஆபத்தைவிட, இவருக்குப் பின்னால் பொறுமை இழந்து முந்துகிறவரால் வரும் ஆபத்து அதிகம். நேரம் கொடுங்கள். ஆனால் ‘நீங்கள் போங்கள்’ என்று கையசைத்து அனுப்பாதீர்கள். உங்கள் வண்டிக்கு நீங்கள் பொறுப்பு ஏற்கலாம். உங்கள் பக்கத்தில் சீறிவரும் இருசக்கர வாகனத்துக்கு எப்படிப் பொறுப்பு ஏற்பீர்கள்? அந்தப் புதியவர் உங்கள் கையை நம்பி வந்துவிடுவார்.

படி 4: தப்பிக்க ஒரு வழியை எப்போதும் திறந்து வையுங்கள்

ஹரால்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1952 இல் ஓட்டுநர்களுக்கான பயிற்சி முறை ஒன்றைத் தொடங்கினார். அதன் ஐந்து விதிகளில் ஒன்று, ‘வெளியேற உனக்கொரு வழி வைத்துக்கொள்’ என்பது. உள்ளூர்ச் சாலைக்கு மற்ற நான்கையும்விட இதுவே அதிகம் பயன்படுகிறது என்பது என் கருத்து.

அடுத்தவருக்குப் பக்கவாட்டில் இணையாகப் போகாதீர்கள். முன்னால் போங்கள், அல்லது பின்னால் நில்லுங்கள். பக்கவாட்டில் இருக்கும்போது அவர் ஸ்டீயரிங்கை ஒரு சாண் திருப்பினால் உங்களுக்குப் போக்கிடம் கிடையாது. லாரி, பஸ் பக்கத்தில் இது இரட்டிப்பு உண்மை. அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வராது. திருப்பத்தின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். திரும்பத் தயாராகும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற அளவு இடைவெளி இருக்கிறதே என்று நுழைந்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை.

வரிசையில் நிற்கும்போது முன்வண்டியின் பின்டயர்கள் சாலையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு விட்டு நிறுத்துங்கள். அவ்வளவு இடம் இருந்தால், அவர் நகராவிட்டாலும், பின்னால் உருண்டுவந்தாலும், ஸ்டீயரிங்கை ஒடித்து வெளியே வந்துவிடலாம். கடைசி வண்டி நீங்கள்தான் என்றால், உங்களுக்குப் பின்னால் ஒன்றிரண்டு வண்டிகள் வந்து நிற்கும்வரை கண் பின்கண்ணாடியிலேயே இருக்கட்டும், கியரும் போட்டபடி இருக்கட்டும்.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கு என்ன செய்வது? பலரும் பிரேக்கை மிதித்து அவரைப் பயமுறுத்தப் பார்க்கிறார்கள். மோதினால் நசுங்கப்போவது உங்கள் டிக்கிதான். மாறாக, முன்னால் இருக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். உங்களுக்கு முன்னால் 4 விநாடி இருந்தால், எது நடந்தாலும் மெதுவாக நிற்கலாம். மெதுவாக நின்றால் அவருக்கும் நிற்க நேரம் கிடைக்கும். சாலை அகலமான இடத்தில் ஒதுங்கி அனுப்பிவிட்டால் பிரச்சினை உங்களைவிட்டுப் போய்விடும்.

படி 5: சந்திப்புகளில் கண்ணை நம்பாதீர்கள், சக்கரத்தை நம்புங்கள்

குறுக்குத் தெருவில் காத்திருப்பவர் உங்களைப் பார்க்கிறார் என்று நினைப்பீர்கள். முகம் உங்கள் பக்கம் இருக்கும், கண்ணும் இருக்கும். ஆனால் கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குத் தாவும் அந்தக் கணத்தில் மூளை காட்சியை நிறுத்திவைக்கிறது. தலையை விருட்டென்று இரு பக்கமும் திருப்பிவிட்டு ‘யாரும் இல்லை’ என்று புறப்படுகிறவர், இரண்டு தாவல்களுக்கு நடுவில் இருந்த இருசக்கர வாகனத்தை உண்மையிலேயே பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கூரையைத் தாங்கும் முன்தூண் இன்னொரு திரை. குறுக்கே வரும் வண்டி, உங்கள் வேகத்துக்கு ஒத்த வேகத்தில் வந்தால், அந்தத் தூணின் பின்னாலேயே ஒளிந்தபடி உங்களோடு கூடவே வரும். கப்பலோட்டிகளுக்கு இது பழைய பாடம்: மற்றொரு கப்பல் உங்கள் பார்வையில் அதே கோணத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதல் உறுதி. சந்திப்பை நெருங்கும்போது இருக்கையில் சற்று முன்னும் பின்னும் சாய்ந்து தூணின் இருபுறமும் பாருங்கள். இருசக்கர வாகனத்தில் போகிறவர் தன் தடத்துக்குள்ளேயே சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்தால், பார்க்கிறவர் கண்ணில் படும் வாய்ப்பு கூடும்.

முகத்தைவிடச் சக்கரம் நேர்மையானது. வண்டியின் உடல் அசையும் முன்பே சக்கரத்தின் மேல்விளிம்பு அசைவது கண்ணில் படும். நிறுத்தியிருக்கும் வண்டி ஓரத்திலிருந்து சாலைப்பக்கம் திருப்பிய சக்கரத்தோடு நின்றால், புறப்படத் தயாராகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆள் தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்றும் பாருங்கள். அணைந்திருந்தால் அடுத்துத் திறக்கப்போவது கதவு. கதவின் அகலத்தை விட்டே கடந்து போங்கள்.

எதிர்வரிசையைக் குறுக்கிட்டுத் திரும்பக் காத்திருப்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அவர் உங்கள் வேகத்தைத் தப்பாகக் கணக்கிட்டிருக்கலாம். பெரிய வண்டியின் பின்னால் நீங்கள் மறைந்தும் இருக்கலாம். இண்டிகேட்டர் எரிகிறது என்பதற்காகவும் யாரையும் நம்ப வேண்டாம். வேகம் குறைந்து, சக்கரமும் திரும்பிய பிறகுதான் அவர் திரும்புகிறார் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

பச்சை விழுந்ததும் ஒரு விநாடி பொறுத்து, இருபுறமும் பார்த்துவிட்டு நகருங்கள். சிவப்பைத் தாண்டி ஓடிவரும் கடைசி ஆளுக்கான விநாடி அது. பாதசாரிக் கடவையில் ஒரு வண்டி காரணம் தெரியாமல் நின்றிருந்தால் காரணம் அதற்கு முன்னால் நடந்துகொண்டிருக்கிறது, பக்கவாட்டில் முந்தாதீர்கள்.

படி 6: கோபக்காரரிடம் தோற்றுப்போங்கள்

ஹார்னை விடாமல் அடிக்கிறார், ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார், பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்குகிறார். அவர் பக்கம் திரும்பாதீர்கள். கையால் எதுவும் காட்டாதீர்கள். கதவுகளைப் பூட்டி, வழிவிடுங்கள். பின்தொடர்ந்து வந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், உங்கள் வீடு அவருக்குத் தெரிந்துவிடும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ ஓட்டிப்போங்கள். முன்னால் மறித்து நிறுத்தினால் இறங்க வேண்டாம். படி 4 இல் சொன்ன இடைவெளியை விட்டிருந்தால், சுற்றிக்கொண்டு வெளியேற வழி இருக்கும்.

படி 7: மழையும் இரவும்

உலர்ந்த சாலைக்கு மேலே சொன்ன இடைவெளி விநாடிகளை இரட்டிப்பாக்குங்கள். நீண்ட நாள் கழித்துப் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் தனி ஆபத்து: சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்கோடு ஒருவர் வந்தால், அவர் விளக்கைப் பார்க்காமல் உங்கள் பக்கச் சாலையோரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். பதிலுக்கு உங்கள் விளக்கை உயர்த்தினால் பார்வையில்லாத இருவர் ஒருவரை ஒருவர் நோக்கி வருகிறீர்கள்.

படி 8: பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்

ஒரு வாரம் மட்டும் இரண்டு கணக்கு எழுதுங்கள்: திடீரென்று எத்தனை முறை பிரேக் மிதித்தீர்கள், எத்தனை பேர் உங்களைப் பார்த்து ஹார்ன் அடித்தார்கள். அவசரப் பிரேக் ஒவ்வொன்றும் நீங்கள் தாமதமாகப் பார்த்த ஒன்றின் ரசீது. அது யார் தவறு என்பது அங்கே கேள்வியே இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பக்கத்து இருக்கையில் அடிக்கடி உட்காருகிறவரிடம், நீங்கள் ஓட்டும்போது அவருக்குக் கால் எங்கெல்லாம் தரையை அழுத்துகிறது என்று கேளுங்கள். நான் என் மனைவியிடம் கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் நான்கு இடம் சொன்னாள். அதில் ஒன்று, அந்த இலை நகர்ந்த தெரு.